கத்தரிக்கோல் யாருடையது?

எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருக்கும் கலைவாணி, போன மாதம் ஒரு காகிதத்தோடு மாடியேறி வந்தாள். சிதம்பரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு கடையில் அவளுக்கு வேலை. வீட்டு நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் நறுக்கி, வாசனை தெளித்து அனுப்புகிற கடை. எனக்கு முடி வெட்ட ஆகிற செலவைவிட அங்கே ஒரு நாய்க்கு ஆகிற செலவு அதிகம். அது நாய்களின் யோகம், அதில் எனக்குப் பொறாமை இல்லை.

கலைவாணியின் குறை வேறு. கடையில் கணக்கு எழுதுகிறவருக்கும் வாசல் காவலருக்கும் சம்பளச் சீட்டு கொடுக்கிறார்கள். இவளுக்கும் இவளோடு நாய் குளிப்பாட்டுகிற இன்னொரு பெண்ணுக்கும் மட்டும் ஒப்பந்தக்காரர் என்று போட்டு, வரி பிடித்த சீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். வைப்பு நிதி கிடையாது, விடுப்பு கிடையாது. "நீங்க வரி ஆபீசுல இருந்தவருதானே மாமா, இது சரியா பாருங்க" என்றாள். நான் இருந்தது நகராட்சி ஆபீஸ், வருமான வரி ஆபீஸ் இல்லை என்று பல தடவை சொல்லியாகிவிட்டது. இந்தத் தெருவில் யாரும் நம்புவதில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். நடுவில் ஒரு வரி இருந்தது: மேற்படி நபர் நிறுவனத்தின் ஊழியர் அல்லர், தம் சொந்தக் கருவிகளைக் கொண்டு சுயமாகத் தொழில் செய்பவர். இன்றைய சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் இந்த வரியை எனக்குத் தெரியும். அறுபதுகளில் கடலூரில் இது எப்படிப் பிறந்தது என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பிறந்ததற்குக் கொஞ்சம் காரணமும் நானே.

அப்போது நான் கடலூரில் தொழில் வரிப் பிரிவில் குமாஸ்தா. வீடு சிதம்பரம். காலைப் பாசஞ்சரில் ஏறி முதுநகரில் இறங்கினால் வசூல் கிளை ஆபீசுக்குப் பத்து நிமிட நடை. முதல் இரண்டு வருஷம் என்ன கற்றேன் என்று கேட்டால், காகிதக் கட்டைச் சணல் கயிற்றால் அவிழாமல் கட்டக் கற்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாம் வருஷம் தொழில் வரிப் பதிவேட்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஊர் எல்லைக்குள் சம்பளம் வாங்குகிறவருக்கும் சொந்தத் தொழில் செய்கிறவருக்கும் அரையாண்டுக்கு ஒரு தடவை அந்த வரி உண்டு. வருமானம் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் விலக்கு. பதிவேட்டில் இரண்டு பக்கம். இடது பக்கம் ஊழியர்கள். அவர்கள் சம்பளத்தை முதலாளி எழுதிக் கொடுப்பார், அவ்வளவுதான் வருமானம். வலது பக்கம் சொந்தத் தொழில். அங்கே ஓர் ஆளின் கைக்கு வந்தது எல்லாமே வருமானம். அதில் பாதி வேறு யாருக்கோ வாங்கிக் கொடுத்த சாமானாக இருந்தாலும், அவரே வந்து ரசீது காட்டி நிரூபிக்காத வரை அப்படித்தான். இடமா வலமா என்பது எழுதுகிறவனுக்கு அரை அங்குலம், எழுதப்படுகிறவனுக்கு அப்படி இல்லை. இதை எனக்குச் சொன்னவர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கரீம் சாயபு.

சாயபுவுக்குச் சொந்த ஊர் லால்பேட்டை. ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டையின் பையில் ஒரு பென்சில், ஒரு பேனா. எந்தப் பதிவையும் முதலில் பென்சிலால்தான் எழுத வேண்டும் என்பது அவர் சட்டம். பகலில் லுகர் தொழுகைக்குப் போய், சாப்பிட்டுவிட்டு வந்து, பென்சிலில் எழுதியதை மறுபடி ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகே மை. காலையில் மையைத் தொட்டால் ஒரு பார்வை பார்ப்பார். திட்டவே மாட்டார், அந்தப் பார்வைக்குத் திட்டே தேவலை.

இடமா வலமா என்று தெரியாத ஆள் வந்தால் அவர் அந்த ஆளைக் கேட்க மாட்டார், முதலாளியையும் கேட்க மாட்டார். "ரெண்டு பேருக்கும் ஒரு ஆசை இருக்கும் தம்பி. சாமானுக்கு ஆசை கெடையாது. அதக் கேளு" என்பார். ஸ்டேஷன் வாசலில் ஒரு ஜட்கா வண்டிக்காரரும் வண்டிச் சொந்தக்காரரும் இதில் மோதிக்கொண்டார்கள். சம்பள ஆள் என்றார் ஒருவர், வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவன் என்றார் மற்றவர். சாயபு இருவரையும் விட்டுவிட்டுக் குதிரையைச் சுற்றி வந்தார். லாடம் யார் செலவு, புல் யார் வாங்குகிறார், குதிரை நொண்டினால் அன்றைக்கு யார் வீட்டில் உலை ஏறாது என்று மூன்று கேள்வி. வண்டிக்காரர் மூன்றாவது கேள்விக்குத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். வலது பக்கம் என்றார் சாயபு. பென்சிலில்.

இனி, நாய் விஷயம்.

துறைமுகத்துப் பக்கம் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். கிடங்குக்குக் காவலாக ஏழெட்டு நாய்கள், அதிகாரிகளின் பங்களாக்களில் உயர்ந்த ஜாதி நாய்கள் நான்கைந்து. இவை அத்தனையையும் பார்த்துக்கொண்டவர் காத்தவராயன். உப்பனாற்றுக்கு அக்கரையில் இருந்த மீனவர் குப்பத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்தான். கரையில் கட்டுமரம் ஏற்றும்போது மரம் புரண்டு இடது முழங்கால் நொறுங்கியதிலிருந்து அலையில் நிற்க முடியாது.

அவர் வேலை செய்வதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். வேப்பிலை போட்டுக் கொதித்து ஆறிய தண்ணீரை முதலில் நாயின் காலில் ஊற்றுவார், தலையில் ஊற்றினால் மிரண்டுவிடுமாம். காதுக்குள் விரல் விட்டு உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போடுவார். மானேஜர் வீட்டில் கண்ணே தெரியாமல் முடி தொங்குகிற ஒரு நாய் இருந்தது. அதன் முகத்தருகே கத்தரிக்கோலை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார், நாயும் பிடித்துக்கொள்ளும். வலை கட்டின விரல்கள், அவசரமே தெரியாது.

ஒரு ஏப்ரல் மாதம் அந்தக் கம்பெனியின் பட்டியல் வந்தது. ஊழியர் பட்டியலில் காத்தவராயன் பெயர் இல்லை. வெளியாட்களுக்குக் கொடுத்த தொகை என்று தனியாக இணைத்திருந்த தாளில் இருந்தது. விசாரித்து எழுதச் சொல்லி, சாயபு அவருக்கு ஆள் அனுப்பினார். அவர் வந்த அன்று சாயபு கணக்குத் தணிக்கை வேலையாக வெளியே போயிருந்தார். எனக்கோ வீட்டில் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள், பகல் ரயிலைப் பிடித்தாக வேண்டும்.

"கம்பெனியில சம்பளத்துக்கு இருக்கீங்களா, சொந்தத் தொழிலா?" என்று கேட்டேன்.

"நான் யாருகிட்டயும் கூலிக்கு நிக்கல சார். என் கை, என் தொழிலு. சொந்தம்தான்" என்றார் காத்தவராயன்.

சொன்ன வேகம் எனக்குப் பிடித்திருந்தது. சோப்பு யாருடையது, கத்தரிக்கோல் யாருடையது என்று நான் கேட்கவில்லை. வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினேன், எழுத்துக் கூட்டிப் போட்டார். மணி பதினொன்றரை. பேனாவை எடுத்து வலது பக்கத்தில் மையில் எழுதி, வாக்குமூலத்தைக் காகிதக் கட்டோடு சேர்த்து, கயிறு கட்டி வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் தாளில் இருந்த தொகை முழுவதும் அவருடைய கூலி அல்ல என்பது எனக்குத் தெரியாது. கிடங்கு நாய்களுக்குக் கறியும் எலும்பும் அரிசி நொய்யும் அவர் மூலமாகத்தான் வாங்கினார்கள். அந்தப் பணமும் அவர் பெயரில்தான் எழுதப்பட்டது. இடது பக்கத்தில் இருந்திருந்தால் அவருடைய சொற்பச் சம்பளத்துக்கு வரியே கிடையாது. வலது பக்கத்தில் எழுதியதால் நாய்கள் தின்ற கறியெல்லாம் அவருடைய வருமானமாக ஏறி, ஒரு சுமாரான வியாபாரிக்குரிய வரி விழுந்தது.

வரியைக் கட்டச் சொல்லிக் கேட்பு நோட்டீஸ் போனது. ஆட்சேபம் சொல்ல வைத்திருந்த நாட்களும் போயின. அவர் அந்த நோட்டீசை மானேஜர் ஆபீசில் கொடுக்க, அங்கே, இது உன் பேருக்கு வந்தது நீயே வைத்துக்கொள் என்றார்கள். அவர் அதை உண்ணி மருந்து வைத்திருந்த பெட்டியில் போட்டு மூடினார். இரண்டாவது நோட்டீசும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. பிறகு ஜப்தி வாரண்டு.

பில் கலெக்டர் தங்கராசு முதலில் தனியாகப் போய்விட்டு வந்து, குடிசையில் சட்டி பானை தவிர ஒன்றுமில்லை, ஆனால் வலை இருக்கிறது என்றார். பெரிய வலை, காத்தவராயனுக்கும் அவர் மச்சான் அஞ்சாப்புலிக்கும் சேர்ந்தது. இரண்டு குடும்பமும் ஆளுக்குப் பாதி கட்டி நடுவில் பிணைத்தது. அதை வைத்து எட்டுக் குடும்பம் கடலுக்குப் போகிறது. பெரிய ஜப்தி என்பதால் சாயபுவே வந்தார். நானும் எழுதுவதற்காகப் போனேன்.

உப்பனாற்றைத் தோணியில் கடந்தோம். சாயபு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தார். வலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி ஆண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். காத்தவராயன் நின்றுகொண்டிருந்தார், முழங்காலைக் கையால் தாங்கியபடி.

ஜப்தி விதியில் ஒரு விலக்கு உண்டு. ஒருவனுடைய தொழிலுக்கான கருவிகளைத் தொடக் கூடாது. வலை மீனவனின் கருவிதானே என்று அஞ்சாப்புலி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பதிவேட்டில், என் மையில், காத்தவராயனின் தொழில் மீன்பிடித்தல் இல்லை. நாய் பராமரிப்பு, சொந்தத் தொழில். அப்படியானால் கத்தரிக்கோலும் பிரஷும்தான் அவருடைய கருவிகள், அவற்றுக்கு விலக்கு. எட்டுக் குடும்பத்துக்குச் சோறு போடுகிற வலைக்கு விலக்கு இல்லை. நான் இதை வாய்விட்டுச் சொன்னபோது என் காதுக்கே கேவலமாக இருந்தது.

"அந்த விலக்குச் சாமானக் கொண்டா பாக்கலாம். அதுதான் மொதல்ல எழுதணும்" என்றார் சாயபு.

காத்தவராயன் பெட்டியைக் கொண்டுவந்து மணலில் வைத்தார். மேலே எங்கள் நோட்டீஸ்கள் இரண்டும் மடிப்புக் கலையாமல் இருந்தன. அவற்றை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பிரஷ் இரண்டு, இரும்புச் சீப்பு ஒன்று, நகம் நறுக்கும் குறடு ஒன்று, கத்தரிக்கோல் ஒன்று. நான் எழுதிக்கொண்டே வந்தேன். சாயபு கத்தரிக்கோலை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார். பிடிக்குப் பக்கத்தில் கம்பெனியின் குறியும் பதினேழு என்ற எண்ணும் அடித்திருந்தது. பிரஷ் கட்டையில் அதே குறி, சூட்டுக் கம்பியால் இழுத்தது.

"நம்பரையும் எழுதிக்க தம்பி" என்றார் என்னிடம். பிறகு காத்தவராயனைப் பார்த்து, "சோப்பு யாரு தர்றது?"

"கம்பெனி ஸ்டோருல சார். தேஞ்ச துண்டக் காட்டினாத்தான் அடுத்த சோப்பு குடுப்பாங்க."

"ஒடம்பு முடியலைன்னா ஒனக்குப் பதிலா மச்சான அனுப்பலாமா?"

"அது எப்படி சார்? மானேஜரு ஒத்துக்க மாட்டாரு. லீவுன்னாலும் மொத நாளே அவருகிட்ட கேட்டுத்தான்."

சாயபு என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வை. அன்றைக்கு நீ என்ன கேட்டாய் என்று அவர் கேட்கவே இல்லை. கையோடு கொண்டுவந்திருந்த கட்டைப் பிரித்து, வாக்குமூலத் தாளில் என் கையெழுத்துக்குக் கீழே நான் போட்டிருந்த நேரத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார். காலை பதினொன்றரை. எங்கேயாவது மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

ஏன் இந்த மனிதர் சொந்தத் தொழில் என்று அத்தனை அழுத்தமாகச் சொன்னார் என்பது எனக்கு அந்த மணலில்தான் புரிந்தது. அந்தக் குப்பத்தில் யாரும் யாரிடமும் சம்பளத்துக்குப் போவதில்லை. பிடித்த மீனில் கட்டுமரத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. வலைக்குச் சொந்தக்காரனும் பங்காளி, வெறும் கையோடு வருகிறவனும் பங்காளி. கூலிக்கு நிற்கிறவன் என்றால் அவர்கள் பேச்சில் ஓர் இளக்காரம். கால் போன பிறகும் காத்தவராயன் தன் ஊருக்குச் சொல்லியிருந்தது, கம்பெனி நாய்களைப் பங்குக்கு எடுத்திருக்கிறேன் என்பது. அதே வாயால் ஆபீசிலும் சொன்னார். அவரைப் பொறுத்த வரை அது பொய் இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

சாயபு வாரண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கருவி கம்பெனியுடையது, நேரம் கம்பெனியுடையது, ஆளை மாற்றவும் முடியாது, ஆகவே இவர் ஊழியர், வரி தப்பு என்று கமிஷனருக்கு எழுதலாம் என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஆனால் ஒரு விஷயம், என்றார். அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம் ஒன்று கட்டில் ஏறியிருக்கிறது. அதை அவரே மறுத்து இன்னொன்று கொடுத்தால்தான் செல்லும். அதையும் ஊர்க்காரர் இருவர் முன்னால் படித்துக் காட்டி, அவர்களிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

நான் எழுதினேன். சாயபு சொல்லச் சொல்ல எழுதினேன், படித்தும் காட்டினேன்: நான் மேற்படி கம்பெனியில் கூலிக்கு வேலை செய்யும் ஆள். எனக்குச் சொந்தத் தொழில் எதுவும் இல்லை. முன்பு கொடுத்த வாக்குமூலம் தவறு.

 காத்தவராயன் என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார்.

"கம்பெனி ஆளுன்னு மட்டும் போட்டுக்க சார்" என்றார் காத்தவராயன் என்னிடம், மெதுவாக. "சொந்தத் தொழிலு இல்லன்னு எதுக்கு?"

நான் சாயபுவைப் பார்த்தேன். எடுத்துவிடலாம் என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று மனதார விரும்பினேன். அவர் சொல்லவில்லை. "நீ மொதல்ல குடுத்த காயிதத்துல அதுதான்பா இருக்கு. அத நீயே இல்லன்னாத்தான் அது சாகும்" என்றார். குரலில் கடுமை இல்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

காத்தவராயன் வலையைப் பார்த்தார், பிறகு மச்சானைப் பார்த்தார். அஞ்சாப்புலி மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போடு மச்சான். நாங்க யாரும் எதையும் காதுல வாங்கல."

காத்தவராயன் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். காதில் வாங்கவில்லை என்று சொன்ன அதே அஞ்சாப்புலி, எங்கள் முன்னிலையில் படித்துக் காட்டப்பட்டது என்ற வரிக்குக் கீழே பெருவிரல் ரேகை வைக்க வேண்டியிருந்தது. வைத்தார். விரலில் ஒட்டிய மையை ஈர மணலில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார். வலை தப்பியது.  

கமிஷனர் வரியை ரத்து செய்தார். இனிமேல் காத்தவராயனை ஊழியர் பட்டியலில் காட்ட வேண்டும் என்று கம்பெனிக்குக் கடிதம் போனது. அந்தக் கடிதத்தில், எதனால் அவர் ஊழியர் என்று வரிசையாகக் காரணம் எழுதியிருந்தோம். சோப்பு, கத்தரிக்கோல் எண் பதினேழு, லீவு, மாற்று ஆள். கடிதத்தை எழுதியவன் நான். நன்றாக எழுதியிருப்பதாக எனக்கு அப்போது ஒரு பெருமைகூட இருந்தது. கம்பெனியின் பதில் நான்கே வரி. மேற்படி நபரின் சேவை தற்போது தேவைப்படவில்லை.

அடுத்த அரையாண்டில் வேறொருவர் ஆபீசுக்கு வந்தார். கம்பெனி நாய்களை இப்போது அவர்தான் குளிப்பாட்டுகிறாராம். காடாம்புலியூர் பக்கம், முந்திரித் தோப்பில் வேலை செய்தவர். கேட்காமலே பெட்டியைத் திறந்து காட்டினார். சோப்பு சொந்தம், ரசீது இருக்கிறது. தான் வர முடியாவிட்டால் தம்பியை அனுப்பலாம், அதற்கும் கம்பெனியின் கடிதம் இருக்கிறது. தம் சொந்தக் கருவிகளைக் கொண்டு சுயமாகத் தொழில் செய்பவர் என்ற வரியை நான் முதன்முதலில் படித்தது அந்தக் கடிதத்தில்தான். கத்தரிக்கோலும் சொந்தம், கம்பெனியிடமே விலைக்கு வாங்கியது. பிடியில் எண் இருந்த இடத்தில் அரம் போட்டுத் தேய்த்த தடம் பளபளத்தது. சாயபு அந்தத் தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். கேட்பதற்கு அவரிடம் கேள்வி மிச்சமில்லை. எங்கள் கேள்விகளை நாங்களே எழுதி அனுப்பிவிட்டோம். வலது பக்கம் என்றார். அவர் அப்படித் தோற்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இதையெல்லாம் கலைவாணியிடம் சொல்லிவிட்டு, அவளுடைய கத்தரிக்கோலைக் கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நல்ல கத்தரி, எண் எதுவும் இல்லை. இது யாருடையது என்றேன்.

"என்னோடதுதான் மாமா. கடையிலதான் வாங்கிக் குடுத்தாங்க, மூணு மாசம் சம்பளத்துல புடிச்சிக்கிட்டாங்க" என்றாள்.

சம்பளம் என்றுதான் சொன்னாள். ஒப்பந்தக்காரருக்குச் சம்பளம் ஏது? சோப்பு கடையுடையது, நேரம் கடை சொல்வது, தனக்குப் பதிலாகத் தங்கையை அனுப்ப முடியாது. எழுதிக் கொடுத்தால் நியாயம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது, ஒரு நல்ல வக்கீலைப் பார் என்றேன். எழுதிக் குடுத்தா வேலை போயிடுமா என்று கேட்டாள். போகலாம் என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? அவள் கத்தரிக்கோலைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். படி வரைக்கும் போனவள் திரும்பி, அந்த ஆளு அப்புறம் என்ன ஆனாரு என்றாள்.

காத்தவராயன் ஒரு நாள் காலையில் ஆபீசுக்கு வந்தார். வேலை போய் ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. தூரத்தில் அவர் நடையைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. அந்தப் பகல் ரயில், அந்த மை, எல்லாவற்றுக்கும் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.  அதற்குப் பதில் பியூனை அனுப்பி அவருக்கு டீ வாங்கி வரச் சொன்னேன். அவர் டீயைக் குடித்துவிட்டு, கிளாசைத் தரையில் வைத்துவிட்டு, தன் பேர் இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

எந்தப் பக்கத்திலும் இல்லை என்றேன். கம்பெனியிலும் இல்லை, வரியும் இல்லை, ஆகவே பேர் தேவையில்லை.

"அந்தக் காயிதம் இருக்குமில்ல? சொந்தத் தொழிலு இல்லன்னு நான் கையெழுத்துப் போட்டது."

இருக்கிறது என்றேன். அதை அழிக்க முடியாது, அதை வைத்துத்தான் வரி ரத்தானது என்றும் விளக்கினேன். அவர் தலையாட்டினார். அழிக்கச் சொல்லி வரவில்லை என்றார்.

"இப்ப நான் கரையில குந்திக்கினு வலை கட்டறேன் சார். எங்க ஊருக்கும் கட்டறேன், பக்கத்து ரெண்டு குப்பத்துக்கும் கட்டறேன். ஊசி என்னுது, நூலு என்னுது. இஷ்டம் இருந்தா கட்டுவேன், இல்லன்னா இல்ல. அத எழுதிக்க. வரி போட்டாலும் போட்டுக்க."

அவருக்கு வருகிற வருமானத்துக்கு வரி கிடையாது, வரி இல்லாத ஆளைப் பதிவேட்டில் எழுதும் வழக்கமும் இல்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பக்கத்து மேசையிலிருந்து கரீம் சாயபு எழுந்து வந்தார். பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். வலது பக்கத்தைத் திறந்தார். என்னைப் பார்க்காமல், "ஒன் பேனாவக் குடு தம்பி" என்றார்.

காத்தவராயன், வலை கட்டுதல், சொந்தத் தொழில், வரி இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். எழுதி முடித்ததும் பதிவேட்டைக் காத்தவராயன் பக்கம் திருப்பி வைத்து, மை காயும் வரை பக்கத்திலேயே நின்றார். அப்போது மணி பத்தரை.